மூன்றாவது ஆள்

ஜனவரி மாதத்தில் படகு விற்பது மினசோட்டா மாநிலத்தின் விசித்திரங்களில் ஒன்று. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக் குளிர். ஏரிகள் உறைந்து கிடக்கும். அந்த உறைபனியின் மேல் வண்டியை ஓட்டிச் சென்று, கூடாரம் அடித்து, துளையிட்டுத் தூண்டிலை இறக்கிக் காத்திருப்பார்கள் மனிதர்கள். அதே நாட்களில் மினியாபொலிஸ் நகரத்துக் கண்காட்சி அரங்குக்குள் கம்பளம் விரித்து, விளக்குப் போட்டு, நூற்றுக்கணக்கான படகுகளை நிறுத்தியிருப்பார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு படகு எவ்வளவு பெரியதாகத் தெரியும் என்பது அங்கே போனால்தான் விளங்கும்.

2024 ஜனவரியில் மனைவியையும் 16 வயது மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கண்காட்சிக்குப் போனேன். பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதை நானே நம்பினேனா என்பது சந்தேகம்.

நான் மனதில் வைத்திருந்தது மீன்பிடிக்கவும் நீர்ச்சறுக்குக்கும் ஆகிற இருபயன் படகு. 18 அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடல், 150 குதிரைத்திறன் எஞ்சின். முன்பகுதியில் மெத்தை இருக்கைகள். அவற்றைக் கழற்றினால் நின்றபடி தூண்டில் வீசுவதற்கான தட்டையான மேடை. பிடித்த மீனை உயிரோடு வைக்கத் தொட்டி. சத்தமில்லாமல் ஊர்ந்து செல்ல, முகப்பில் காலால் இயக்கும் சிறிய மின்மோட்டார். பின்பகுதியில் சறுக்குபவரின் கயிற்றைக் கட்ட ஒரு கம்பம். வேண்டாதபோது அதையும் கழற்றி வைத்துவிடலாம். டிரெய்லரோடு சேர்த்து 50,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. 15 ஆண்டுத் தவணை. கண்காட்சிச் சலுகை ஞாயிறு மாலையோடு முடிகிறது.

விற்பனையாளர் பொறுமையானவர். சறுக்குபவரை இழுத்துச் செல்லும்போது ஓட்டுபவர் தவிர, பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்புறம் அகலமாகத் தெரியும் கண்ணாடி ஒன்று பொருத்தியிருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். அந்தக் கண்ணாடியை இலவசமாகவே பொருத்தித் தருவதாகச் சொன்னார்.

"அப்போ அம்மா வரவே வேண்டாம், இல்லப்பா?" என்று மகள் சிரித்தாள். படகில் ஏறினாலே தலைசுற்றும் என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

நான் தண்ணீர்ப் பக்கத்து மனிதன் அல்ல. அருப்புக்கோட்டைப் பக்கத்தில், நல்ல மழை பெய்த வருடங்களில் மட்டும் நிறையும் கண்மாய் ஒன்றின் கரையில் வளர்ந்தவன். கோடையில் அது வற்றும்போது மொத்த ஊரும் ஊத்தாவோடு சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும். படகு என்பது எங்களுக்குச் சினிமாவில் வருவது. இங்கே குடியேறிய பிறகு, முதியோர் குடியிருப்புக்குப் போகவிருந்த பக்கத்து வீட்டுக் கிழவர் 2011இல் தம்முடைய 16 அடி அலுமினியப் படகை, 25 குதிரைத்திறன் எஞ்சினோடு, ஏறக்குறைய சும்மா என்று சொல்லத்தக்க விலைக்கு எனக்குக் கொடுத்தார். கரையேற்றியதும் அடியிலுள்ள வடிகால் அடைப்பைத் திறந்து நீரை வடித்துவிட வேண்டும், அடுத்தமுறை இறக்குமுன் மறக்காமல் மூட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். முதல் நாளே மறந்தேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் தெரிந்தது. உயிர்காப்புச் சட்டைக்குள் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்திருந்த மூன்று வயது மகள், படகுக்குள்ளேயே ஏரி வந்துவிட்டது என்று கைதட்டினாள். அவள் அந்தப் படகில்தான் வளர்ந்தாள். புழுவைக் கோக்கவும், வால்ஐ மீனின் கண் இருட்டில் பூனைக் கண்போல் மின்னுவதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கவும் அங்கேதான் கற்றாள்.

பதினான்கு வயதில் தோழி ஒருத்தியின் குடும்பம் அவளுக்கு நீர்ச்சறுக்குக் கற்றுக்கொடுத்தது. அதன்பின் என் படகு அவளுக்கு மெதுவாகிப்போனது. இதில் குறைசொல்ல எதுவுமில்லை. அந்த விளையாட்டே இந்த மண்ணில் பிறந்ததுதான். விஸ்கான்சினிலிருந்து வரும் சிப்பெவா ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலால் மிசிசிப்பியின் ஓட்டம் தடைபட்டு, ஆறு அகன்று ஏரியான இடம் பெப்பின். அதன் கரையிலுள்ள லேக் சிட்டி என்னும் சிற்றூரில், 1922 கோடையில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர், பனியில் சறுக்க முடியுமானால் நீரில் ஏன் முடியாது என்று யோசித்தார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். கடைசியில் எட்டடி நீளப் பைன் பலகைகள் இரண்டை வாங்கி, தாயாரின் துணி வெளுக்கும் கொப்பரையில் நுனிகளை வேகவைத்து வளைத்துக்கொண்டார். ஜூலை 2ஆம் தேதி, பலகைகளின் நுனியை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பின்னால் சாய்ந்தபோது எழுந்து நின்றார். மறுநாள் அவருக்கு 19 வயது நிறைந்தது. காப்புரிமை எதுவும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. படகை ஓட்டியவர் அவருடைய அண்ணன். சறுக்கியவரின் பெயரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

இருபயன் படகில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கண்காட்சியில் யாரும் சொல்வதில்லை. மீன்பிடிப்பவனுக்கு அசையாமை வேண்டும், சறுக்குபவளுக்கு வேகம் வேண்டும் என்பது தெரிந்த வேறுபாடுதான். உண்மையான சிக்கல், இருவருக்கும் வேண்டியது ஒரே நேரம். காற்று எழாத அதிகாலையில்தான் மீன் கடிக்கும். அந்த நேரத்தில்தான் நீர் கண்ணாடிபோல் கிடந்து சறுக்குபவரை அழைக்கும். சூரியன் உதிக்கும் முன் சறுக்கக் கூடாது என்ற சட்டம் மீன்பிடிப்பவனுக்குச் சிறிது நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். போதாததற்கு, கம்பளம் விரித்த தளத்தில் உதிர்ந்து மறைந்திருக்கும் தூண்டில் முள், வெறுங்காலோடு நடப்பவரைத்தான் தேடிப் பிடிக்கும். இரண்டு ஆசைகளை ஒரே உடலுக்குள் அடக்கிய படகு அது. நான் அதை விரும்பியதும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கக்கூடிய பொருள் வேறெதுவும் சந்தையில் இல்லை.

அந்த வாரம் தூக்கம் வராத இரவொன்றில் தோரோவின் படகு நினைவுக்கு வந்தது. 1839 வசந்தத்தில் அவரும் அண்ணன் ஜானும் ஒரு வாரம் உழைத்துச் செய்த 15 அடிப் படகு. அந்த ஆகஸ்ட் முடிவில் அதில் ஏறிக் கான்கார்ட், மெரிமாக் ஆறுகளில் போனார்கள். 1842 ஜனவரியில், சவரக் கத்தியால் பட்ட சிறு காயம் விஷமேறி, தாடைப்பூட்டு நோயில் ஜான் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தோரோ அந்தப் படகை எழுத்தாளர் ஹாதோர்னுக்கு ஏழு டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு வால்டன் குளக்கரைக் குடிலில் உட்கார்ந்து அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார், 1849இல் வெளிவந்தது. அதில் அண்ணன் வருகிறார், அவர் பெயர் வருவதில்லை. முன்பெல்லாம் இந்தக் கதையில் என்னை ஈர்த்தது புத்தகம். அன்றிரவு விற்பனைதான் என்னை உறுத்தியது. கூட வந்தவர் இல்லாத படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் எட்டு மாதத்தில் பதில் கண்டிருக்கிறார்.

எழுந்துபோய் என் குறிப்பேட்டை எடுத்தேன். ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் தேதி, காற்று, மீன், உடன் வந்தவர் என்று எழுதிவைப்பது கிழவரிடமிருந்து தொற்றிய பழக்கம். மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரை இங்கே படகுக்காலம். வாரக் கணக்கில் 20. மழை, விருந்தினர், அலுவலகம் போக 2022இல் நான் படகை இறக்கியது 14 முறை. அதில் மகள் வந்தது 9. 2023இல் இறக்கியது 13 முறை. அவள் வந்தது 4. அவள் கல்லூரிக்குக் கிளம்ப இன்னும் இரண்டு கோடைகள். தவணை முடிவது 2039இல். அப்போது அவளுக்கு 31 வயது, எனக்கு 66. இரண்டு கோடைகளுக்குப் படகு, பதின்மூன்று கோடைகளுக்கு அதன் கடன். வகுத்தல் கணக்கைக் கடைசிவரை போடாமல் நோட்டை மூடினேன்.

மறுநாள் மனைவியிடம் சொன்னேன். பணம் ஒரு பொருட்டல்ல, சமாளித்துவிடலாம், எல்லாம் அவளுக்காகத்தானே என்றேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"வாங்கணும்னா வாங்குங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லி வாங்குங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அவளுக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. அவ போறப்ப அந்தப் படகையும் பார்த்துட்டுப் போகணும்."

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன்; சொல் வரவில்லை. நான் கட்ட நினைத்தது அவள் பிடித்துக்கொண்டு சறுக்கும் கயிறு அல்ல என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சறுக்கக் கற்பவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், விழும்போது கயிற்றை விட்டுவிடு என்பது. இழுப்பவனுக்கு அப்படியொரு பாடத்தை யாரும் சொல்லித்தருவதில்லை.

ஞாயிறு மாலைக்கு முன் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்றேன். நிம்மதி வரவில்லை. சரியான முடிவு எடுத்தவனுக்கு வரவேண்டிய பெருமிதமும் வரவில்லை. அந்தக் கருநீலப் படகு மே மாதம் வரை கனவில் வந்தது. வாங்கியிருந்தால் அவள் இன்னும் சில காலைகள் என்னோடு வந்திருப்பாளோ என்று இப்போதும் நினைக்கிறேன். வந்திருக்கக்கூடும்.

அந்த ஆகஸ்டில் வடக்கே ஒரு ஏரிக்கரை விடுதியில் ஒரு வாரம் தங்கி, மூன்று நாட்களுக்கு மட்டும் சறுக்குப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அதில் கண்ணாடி இல்லை. எனவே மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. தலைசுற்றலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் இருக்கையைப் பற்றியபடி, என் மனைவி முதல்முறையாகப் படகில் பின்னோக்கி உட்கார்ந்தாள்.

ஓட்டுபவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் மிதவை வரலாம், நீந்துபவர் வரலாம், வேறு படகு வரலாம். அது எனக்கு அதுவரை தெரியாது; என் மகள் நீரில் நிற்பதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவும் என்று எண்ணியிருந்தேன். கயிறு இறுகியது. விசையை முழுதும் தள்ளினேன். படகின் முகப்பு மேலெழுந்து வானத்தை மறைத்து, மெல்லத் தாழ்ந்து நீரில் படிந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"எழுந்துட்டா," என்றாள் மனைவி. "நல்லா நிக்கிறா. நீங்க நேராப் பார்த்து ஓட்டுங்க."

நேராகப் பார்த்து ஓட்டினேன்.