தரங்கம்பாடி: தெய்வங்களுக்கு வம்சாவளி எழுதிய ஊர்

மயிலாடுதுறை மாவட்டத்தில் பொறையாரை ஒட்டிய கடற்கரை ஊர் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் கோட்டை கட்டினார்கள். 1845-இல் செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆட்சி வரலாறு அவ்வளவுதான்.

வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் ஊரின் பெரிய சொத்து கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் அதில் உண்டு. எங்கள் வம்சத்தைத் தேடப் போனபோதுதான் அதன் அருமை எனக்கே தெரிந்தது.

ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயரோடு நிறுத்திவிடக்கூடாது. ஞானப்பெற்றோர் யாரென்றும் பார்க்க வேண்டும். எங்கள் பூட்டனாரின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தம்பதிதான். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால் அந்த அம்மாள் பூட்டனாரின் கூடப்பிறந்த அக்காள்! ‘தெருக்காரர்கள்’ என்று நாங்கள் சொல்லிவந்த குடும்பம் அவர் வழி. முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவர்களுக்கு இத்தனை காலம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். அடக்கப் பதிவேட்டில் ஒரே வாரத்தில் அந்த அக்காளின் இரண்டு பிள்ளைகள், காரணம் ‘வாந்திபேதி’. வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை.

திருமணப் பதிவில் பூட்டனாரின் தொழில் ‘அச்சுக் கோப்பவர்’. இந்த ஊரில் அந்தத் தொழில் பழையது. 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு சில ஆண்டுகளிலேயே அச்சகம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்து காகிதத்தைத் தின்றன. காகிதமோ கப்பலில் வர வேண்டியது. பொறையாரிலேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதம் செய்த இடம் கடுதாசிப்பட்டறை ஆயிற்று. பப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதியின் 1897-ஆம் ஆண்டுப் பதிப்பும் தரங்கம்பாடி அச்சுதான்.

அதே சீகன்பால்கு 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை எழுதினார். அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. தெய்வங்களுக்கு வம்சாவளி எழுதியவர் 1707-இல் முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள். அவர்களுக்கு யார் வம்சாவளி எழுதினார்கள்? குலப்பெருமை தேடி இந்த ஊருக்கு வருகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்றைய நிலைமையைச் சொன்னால் வயிறு எரிகிறது. கோபன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருக்கும் தரங்கம்பாடி ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன. இங்கே நான் புரட்டிய ஏடு உப்புக்காற்றில் பழுத்து, தொட்ட இடமெல்லாம் உதிர்கிறது. பூட்டனார் திருமணத்தின் ஆண்டைப் பூச்சி தின்றிருக்கிறது. 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது. 1926-இல் வந்த மயிலாடுதுறை ரயிலை 1986-இல் நிறுத்தினார்கள். இன்னும் பஸ்தான் கதி. சுனாமிக்குப் பிறகு பழைய பங்களாக்கள் பளபளவென்று விடுதிகளாயின. சுவருக்குப் பூச்சு பூசக் காசு இருக்கிறது, பதிவேடுகளைப் படமெடுத்து வைக்கக் காசில்லையாம். ஒரு ஸ்கேனர், பொறுமையுள்ள ஓர் ஆள், ஈரம் ஏறாத ஓர் அலமாரி, கேட்பது இவ்வளவுதான். அதுவரை, பாட்டன் பெயரைத் தேடி மலேசியாவிலிருந்து வருகிறவருக்கும் ஒரே பதில்தான்: “சாவி பாதிரி ஐயரிடம் இருக்கிறது, ஐயர் ஊரில் இல்லை.”