விமானத்தோடு வரும் நோட்டு

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். சிரிக்காதீர்கள். நாலாவது செமஸ்டரில் செமினாருக்குத் தலைப்பு தேடியபோது, எங்கள் நூலகத்தின் கடைசி அலமாரியில் விமான எஞ்சின் பராமரிப்பு பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. பத்து நிமிடம் பேசுவதற்காகப் பிரித்தவன், அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். அந்தப் படிப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அலாஸ்கா இருக்கிறது. பரப்பளவில் நம் இந்தியாவில் பாதிக்கு மேல். மக்கள்தொகையோ பத்து லட்சம்கூட இல்லை. அங்கே பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே கிடையாது. தலைநகர் ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து காரில் போக முடியாது. கப்பலில் போகணும், இல்லாவிட்டால் பறந்து போகணும். நம் ஊரில் டவுன் பஸ் செய்கிற வேலையை அங்கே சின்னச் சின்ன விமானங்கள் செய்கின்றன. தபால், மளிகை, பிரசவ வலி வந்த தாய் எல்லோருக்கும் அதுதான் வண்டி. ஓடுதளம் இல்லாத ஆற்று மணலிலும், ஏரியிலும், பனியிலும் இறங்கி ஏறும் இந்த விமானங்களை 'புஷ் பிளேன்' என்பார்கள். கோடையில் மிதவை, குளிரில் சறுக்குக் கட்டை, மற்ற நாளில் பெரிய டயர் என்று காலை மாற்றிக்கொள்ளும்.

இவற்றில் பெயர் பெற்ற விமானங்கள் பலவும் வயதானவை. கனடாவில் செய்த 'பீவர்' 1947-ல் முதன்முதலாகப் பறந்தது, 1967-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஒன்பது சிலிண்டர் வட்டமாக அமைந்த 450 குதிரைத்திறன் எஞ்சின். பறந்துகொண்டிருக்கும்போதே விமானி தன் இருக்கையில் இருந்தபடி எஞ்சினுக்கு ஆயில் ஊற்றலாம் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 'செஸ்னா 180' 1953-ல் விற்பனைக்கு வந்து 1981-ல் நின்றது. அதன் தம்பி 185-ம் 1985-ல் நின்றுபோனது. ஆக, இந்த விமானங்கள் வேண்டுமென்றால் பழையதைத்தான் வாங்க வேண்டும். வேறு வழியில்லை.

பழசு என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். 1964-ல் ஜெர்ரி மாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, உலகத்தைத் தனியாக விமானத்தில் சுற்றி வந்த முதல் பெண் என்ற பெயரை வாங்கினார். வயது 38, மூன்று குழந்தைகளுக்குத் தாய். அவர் ஓட்டியது பதினொரு வருஷம் பழைய செஸ்னா 180. உள்ளே இருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் டேங்க் வைத்துக்கொண்டு 29 நாளில் சுற்றி முடித்தார். வழியில் நம் டெல்லியிலும் கல்கத்தாவிலும் இறங்கியிருக்கிறார்!

ஆக, விமானத்தின் வயது ஆளைக் கொல்லாது. அதைப் பற்றிய உண்மை தெரியாமல் ஏறுவதுதான் கொல்லும். அதனால்தான் வாங்கப் போகிறவர் நேராக விமானத்தின் அருகில் போவதில்லை. முதலில் நோட்டுகளைக் கேட்கிறார்.

ஆமாம், நோட்டுகள்தான். விமானத்தின் உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பல்லருக்கு ஒன்று என்று மூன்று. 'லாக் புக்' என்று பெயர். முதல் நாளிலிருந்து எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தத் தேதியில் எந்த பாகம் மாற்றியது, யார் மாற்றியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல சின்ன எஞ்சின்களுக்கு 2,000 மணி நேரத்தில் ஓவர்ஹால் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். 300 மணி ஓடிய எஞ்சினா, 1,900 மணி ஓடிய எஞ்சினா என்று பெயின்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நோட்டுதான் சொல்லும். பல வருஷத்து நோட்டு தொலைந்துபோயிருந்தால் விலை சட்டென்று இறங்கிவிடும்.

நோட்டைப் படித்த பிறகுதான் ஸ்பேனர். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரை வைத்துப் பார்ப்பது நல்லது என்கிறார்கள். அவர் ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார். 74 தாங்கினால் 74/80 என்று எழுதுவார். ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து உலோகத் துகள் மின்னுகிறதா என்று தேடுவார். கடல் தண்ணீரில் மிதவையோடு ஓடியதென்றால் அலுமினியத் தகடுகளின் மடிப்புக்குள் அரிப்பைத் தேடுவார். ரொம்ப நாள் ஓடாமல் நின்ற எஞ்சினில் கேம் ஷாஃப்ட் துருப்பிடித்திருக்கலாம். 'ஓடவே இல்லை சார், புதுசு மாதிரி' என்று விற்பவர் சொன்னால் அதுவே ஒரு எச்சரிக்கை!

புரொப்பல்லர் எப்போதாவது தரையில் இடித்ததா என்பதும் முக்கியமான கேள்வி. சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பல்லர் சட்டென்று நின்றால், அந்த அடி கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆற்று மணலில் இறங்குகிற விமானம் என்றாவது அடிபடத்தான் செய்யும். அடிபட்டது, எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், சரிசெய்தார்கள் என்று நோட்டில் இருந்தால் தைரியமாக வாங்குகிறார்கள். அடிபட்டதை மறைத்த விமானத்தைத்தான் வேண்டாம் என்கிறார்கள். இந்த இடம் என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

வாங்கிய பிறகும் நோட்டு விடாது. அமெரிக்கச் சட்டப்படி பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கட்டாயம். அதற்கென்று அதிகாரம் பெற்றவர் பார்த்து, தேதி போட்டு, தன் சான்றிதழ் எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். விமானி உரிமம் உள்ள சொந்தக்காரர் ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது போன்ற சில வேலைகளைத் தானே செய்யலாம். ஆனால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். விமானம் பறக்கத் தகுதியோடு இருப்பதற்கு முதல் பொறுப்பு சொந்தக்காரருக்கே.

இவ்வளவு எதற்கு என்று எனக்கும் தோன்றியது. பிறகு புரிந்தது. நம் வண்டி நடுவழியில் நின்றால் ஓரங்கட்டி, டீ குடித்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடலாம். மலைக்கு மேலே ஒரே எஞ்சினோடு பறப்பவர் எங்கே ஓரங்கட்டுவார்? அவர் உயிர், பத்து வருஷத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்தில் தொங்குகிறது.

இதைப் படித்த இரவு எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. 2021-ல் அப்பா கடன் வாங்கிப் பழைய குட்டியானை ஒன்று வாங்கினார். மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது. மூன்றே மாதம். வெள்ளைப் புகை, ஆயில் குடி, கடைசியில் எஞ்சினை இறக்க வேண்டியதாயிற்று. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "அண்ணே, இது ரெண்டு லட்சத்துக்கு மேல ஓடுன எஞ்சின். மீட்டரைக் கொறைச்சு வெச்சிருக்காங்க" என்றார். அம்மாவின் கம்மல் அந்த வேலைக்குத்தான் போனது. அப்பா யாரையும் திட்டவில்லை. "நான் கேட்டேன்பா. ஒரு வேலையும் இல்லைன்னு சொன்னாரு" என்று மட்டும் சொன்னார். எனக்கோ மீட்டரைக் குறைத்தவனைக் கண்டால் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆத்திரம்.

ஆனால் அன்று இரவு வேறு ஒன்றும் ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் தெர்மல் லேபில் டீசல் எஞ்சின் லோடு டெஸ்ட். ஒவ்வொரு லோடிலும் 10 சி.சி. டீசல் தீர எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். எங்கள் பேட்ச் இரண்டு லோடோடு முடித்துக்கொண்டு, மீதியை சீனியர் அண்ணன் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். வளைகோடு ரொம்ப அழகாக வந்தது. சார் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஓடாததை ஓடியது என்று எழுதியிருக்கிறேன். நானும் மீட்டரைத் திருத்தி வைத்தவன்தான்! நாளைக்கு நான் ஒரு பிரேக்கையோ பாய்லரையோ பரிசோதித்து எழுதப்போகிறவன். இன்றைக்குப் பழகுவதுதானே அன்றைக்கும் கையில் வரும்?

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் பயந்துகொண்டே சாரிடம் போய், "சார், என் ரீடிங்ஸ் நான் எடுத்தது இல்ல சார்" என்றேன். கூட இருந்தவர்கள் பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தை அடித்தார். "சனிக்கிழமை மத்தியானம் வா. தனியா ஓட்டிப் பாரு" என்றார். போனேன். ஆறு லோடுக்கும் ரீடிங் எடுத்தேன். வளைகோடு கோணல்மாணலாக வந்தது, ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே தனியாக நின்றது. மார்க்கும் குறைந்தது. ஆனால் அந்தப் புள்ளி ஏன் விலகியது என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். லோடு மாற்றியதும் எஞ்சின் நிலைக்கு வருவதற்குள் வாட்சை அமுக்கிவிட்டேன்.

அந்த லீவில் ஊருக்குப் போனபோது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் போனேன். முதல் பக்கத்தில் வண்டி நம்பர், அதன் கீழே, 'மீட்டர் குறைக்கப்பட்டது. 2021-ல் எஞ்சின் பிரித்து வேலை செய்யப்பட்டது' என்று எழுதினேன். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார். "ஏம்ப்பா, நாளைக்கு வண்டியை விக்கிறப்போ இதையும் குடுக்கணுமா?"

"ஆமாப்பா."

"இதைப் பாத்தா வெலையைக் கொறைப்பாங்களே?"

"கொறைப்பாங்கப்பா" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா வாசலில் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எங்க போடணும், காட்டு" என்றார்.