அடுத்த அத்தியாயம் எங்கே?

முதல் நாவல் எழுதியவரிடம் "கரு எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்கிறோம். "நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டில் சோறு வடித்தது யார்?" என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாவல் வேகமாக முடிந்திருக்கிறது என்றால், அதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டாவது கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1866 அக்டோபர், பீட்டர்ஸ்பர்க். தஸ்தயேவ்ஸ்கி கழுத்தளவு கடனில் இருந்தார். ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் போட்டிருந்த ஒப்பந்தம் கொடுமையானது. நவம்பர் 1ஆம் தேதிக்குள் புது நாவல் தராவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் ஒரு காசும் கொடுக்காமல் அந்தப் பதிப்பாளர் அச்சிட்டுக்கொள்ளலாம். கையில் ஒரு பக்கம்கூட இல்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் சுருக்கெழுத்து படித்த இருபது வயதுப் பெண் அன்னா வேலைக்கு வந்தார். இரவில் தஸ்தயேவ்ஸ்கி குறிப்பெடுத்து வைப்பார். பகலில் அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதுவார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தெளிவாகப் படியெடுத்து மறுநாள் கொண்டுவருவார். 26 நாளில் 'சூதாடி' முடிந்துவிட்டது. கையெழுத்துப் பிரதியை வாங்காமலிருக்கப் பதிப்பாளர் ஊரை விட்டே போய்விட, அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார் தஸ்தயேவ்ஸ்கி.

அன்னா தன் நினைவுக் குறிப்பில் சொல்லும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. எத்தனை பக்கம் சேர்ந்திருக்கிறது என்று தஸ்தயேவ்ஸ்கி அடிக்கடி கேட்பாராம். பக்கங்கள் கூடக் கூட அவருக்குத் தெம்பு வந்ததாம். அதே சமயத்தில் 'குற்றமும் தண்டனையும்' எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருக்கே எதிரில் உட்கார்ந்து பக்கம் எண்ணிச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. முதல் நாவலில் கால் வைப்பவர் தனியாகத் திண்டாடுவதில் என்ன பெருமை?

கஸுவோ இஷிகுரோ 1987 கோடையில் நான்கு வாரம் வெளியுலகத்தை அடைத்துவிட்டு உட்கார்ந்தார். திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து இரவு பத்தரை வரை எழுத்துதான். மதியத்துக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி. கடிதம் பார்ப்பதில்லை, தொலைபேசி எடுப்பதில்லை. சமையலிலும் வீட்டு வேலையிலும் அவருடைய பங்கையும் மனைவி லோர்னா ஏற்றுக்கொண்டார். 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' நாவலின் முதுகெலும்பு அந்த நான்கு வாரத்தில் உருவானது. அது அவருடைய மூன்றாவது நாவல். அதற்கு முன்பே வேண்டிய அளவு படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் முதல் நாவலின் வரைவு ஒரு கார்த்திகையில் தொடங்கி மார்கழிக்குள் முடிந்தது. கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு குடும்பத்தின் கதை. அதிகாலை நேரம் எனக்கு, அடுப்படி என் கணவருக்கு என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். சாயங்காலம் சித்திக்குப் போன் போட்டு அன்று எழுதியதை வாசித்துக்காட்டுவேன். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார். ஐம்பது வருடமாக அதுதான் அவர் தொழில். வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருக்கும் ஒரு காட்சியைப் படித்ததும் சித்தி சொன்னார்: "ஏட்டி, ராத்திரி அவ இலைய நனையப் போட்டாளா, இல்லியான்னு எழுதலியே. போடலன்னா காலைல எப்படி வெட்டுவா? கம்பெனிக் கடையில என்னத்தக் கொடுப்பா?" அந்தக் கேள்வியிலிருந்து எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. அழுதுவிட்டுப் படுத்த பெண், இலையை நனைக்காமல் தூங்கிப்போய், விடிந்ததும் விழிக்கிறாள்.

உந்துதல் என்பது எனக்கு அப்படித்தான் வந்தது. போனை வைக்கும்போதெல்லாம் சித்தி கேட்கும் ஒரே கேள்வி: "நாளைக்கு அந்தப் புள்ள என்ன செய்வா?" எனக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

கேரளத்தில் கண்ணூர் பக்கத்துப் பீடிக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளர்களில் ஒருவர் செய்தித்தாளும் கதையும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படிப்பவருடைய கூலி குறையக் கூடாதே என்று அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக்கொடுத்துவிடுவார்கள். எழுதுகிறவருக்கு என்ன உதவி வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

நண்பர்களில் தொடங்கி ஊர் பேர் தெரியாதவர்கள்வரை ஒன்றுகூடி இந்த உதவியைச் செய்துகொண்ட கதையும் உண்டு. 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்து, 21 பேராக, ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுத உட்கார்ந்தார். இலக்கு 50,000 சொல், அதாவது நாளுக்குச் சுமார் 1,613. மறு ஆண்டு அது நவம்பருக்கு மாறியது. பிறகு உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்பட்டபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. 50,000 என்ற கணக்கு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலம் மூன்று நான்கு சொல்லில் சொல்வதை நாம் 'வந்துகொண்டிருந்தாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நாளுக்கு ஆயிரம் சொல் என்று வைத்துக்கொண்டாலே நல்ல நடைதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. நம்முடைய பத்திரிகைத் தொடர்கதைகள் இந்த நெருக்கடியில்தான் வளர்ந்தன. கல்கியின் 'கள்வனின் காதலி' 1937இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அச்சுக்கூடம் ஒரு பக்கமும் வாசகர் ஒரு பக்கமும் காத்திருக்க, எழுதியவர் எழுதியே ஆக வேண்டியிருந்தது. சுந்தர ராமசாமியின் முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை'யின் தொடக்க அத்தியாயங்கள் 'சரஸ்வதி' இதழில் வந்தன. பத்திரிகை நின்றது, தொடரும் நின்றது. முழு நாவலாக அது 1966இல்தான் புத்தகமானது. காத்திருந்து கேட்க ஆளில்லாதபோது எவ்வளவு பெரிய கையும் தளர்ந்துபோகும் என்றுதான் எனக்கு இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

வேகமாக எழுதியது நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். வரைவு வேறு, நாவல் வேறு. எரின் மார்கன்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' அந்த நவம்பர் எழுத்தில்தான் பிறந்தது. பல முறை திருத்தி எழுதப்பட்டு 2011இல்தான் வெளியானது. முதல் நாவலுக்கு வேகம் தரும் பெரிய உபகாரம், பயப்பட நேரம் கொடுக்காமல் இருப்பதுதான். முதல் அத்தியாயத்தையே இழைத்துக்கொண்டிருந்து பத்தாவது அத்தியாயத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் படிக்காமல் கடைசி வரிவரை போய்விடுங்கள். ஊர்ப் பெயர் நினைவுக்கு வராவிட்டால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். திருத்துவதற்கு ஒரு வருடம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

உங்கள் வீட்டிலும் நாவல் எழுத ஆசைப்படும் மகளோ, மருமகளோ, தம்பியோ இருக்கலாம். கரு கொடுக்க வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். ஒரு மாதம் அவர்களுடைய பங்கு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானதும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேளுங்கள்.