சொப்புக்கு எந்த மெருகு?

எங்கள் செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பார்கள், கல்யாண மஹாலைச் சுற்றுவார்கள், அப்புறம், "குழந்தைக்கு ஏதாவது வாங்கிப் போகலாமா?" என்று கடை தேடுவார்கள். 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து என் தம்பி மகனுக்கு ஒரே உற்சாகம். கொல்லைக் கொட்டகையில் மரப்பாச்சி, சொப்பு, குங்குமச் சிமிழ் எல்லாம் செய்கிறான்.

"அத்தை, கண்ணைப் பறிக்கிற மெருகு இருந்தால்தான் விற்கும்!" என்றான். மோட்டாரில் மாட்டும் துணிச் சக்கரமும், சோப்பு மாதிரி இரண்டு மெருகுக் கட்டிகளும் வாங்கி வந்துவிட்டான்.

சகோதரிகளே, அந்தக் கட்டி ஒன்றும் மாயம் அல்ல. மிக நைசான உராய்பொடியைக் கொழுப்பிலோ மெழுகிலோ குழைத்தது. வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் தேய்க்கிறோமே, அதே சங்கதி! பழுப்புக் கட்டி சற்று முரடு. வெளிர் மரத்தில் வைத்தால் நுண்துளைகளில் அழுக்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வெள்ளைக் கட்டிதான் உத்தமம். கட்டிக்கொரு தனிச் சக்கரமும் வேண்டும். மிளகாய் அரைத்த அம்மியில் சந்தனம் அரைப்போமா? உப்புத்தாளால் முதலில் நன்றாகத் தேய்க்காவிட்டால், மெருகு கீறலை மறைக்காது, எடுத்துக் காட்டும். சக்கரம் சுழலும்போது முந்தானையும் பின்னலும் கிட்டே போகக் கூடாது. அந்தப் பொடி நுரையீரலுக்கும் ஆகாது, முகமூடி அவசியம்.

கடைசியாக, கட்டியே படாத மெல்லிய பருத்திச் சக்கரத்தில் மெழுகு. தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகிவிடும். பிரேசில் நாட்டுப் பனையோலையில் எடுக்கும் கார்னோபா மெழுகுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். பாறையெல்லாம் கனலும் எங்கள் சித்திரை வெயிலில் தேன்மெழுகு பிசுபிசுக்கும்; கைரேகை பதியும்.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் இதையே போடட்டுமா?" என்றான். கையில் ஒரு சொப்புக் குடம்.

"இதைக் குழந்தை முதலில் என்னடா செய்யும்?"

"வாயில் வைக்கும்…" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நம் அம்பாசமுத்திரம் சொப்புக்கும், கர்நாடகத்துச் சென்னபட்டணம் பொம்மைக்கும் பளபளப்புத் தருவது அரக்கு. அங்கே சக்கரம் சாமானைத் தேடி வருவதில்லை. கடைசலில் சாமானே சக்கரமாகச் சுழல்கிறது. அதன்மேல் வர்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் இளகிப் படிந்துவிடும். சென்னபட்டணத்தில் அதன்மேல் காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்துகிறார்கள்; கண்ணாடிபோல் மின்னுகிறது! உராய்பொடிக்கு வேலையே இல்லை. வர்ணம் மட்டும் மஞ்சள், அவுரி போன்ற தீங்கற்றதாக இருக்க வேண்டும். ஈயம் கலந்த சாயம் கூடவே கூடாது.

"மினுக்கு குறைந்து, விற்காமல் போனால்?" என்று இழுத்தான்.

"வாங்குகிறவள் தாயடா. கேட்டால் பதில் சொல்ல உனக்கு வாய் வேண்டாமா?" என்றேன்.

இப்போது சிமிழுக்குத் துணிச் சக்கரம், சொப்புக்கு அரக்கு, மரப்பாச்சிக்கு உப்புத்தாளும் சொட்டுத் தேங்காயெண்ணெயும் என்று பிரித்துவிட்டான்.

நீங்களும் மரச்சொப்பு வாங்கும்போது, "இதற்கு என்ன மெருகு? என்ன சாயம்?" என்று கூசாமல் கேளுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். வாங்கிய பிறகு, அரக்குச் சாமானை வெந்நீரில் போடாதீர்கள், ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.