பீரோ சாவி

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கோயில் கும்பாபிஷேகமா, அபார்ட்மென்ட் சங்கமா, கல்யாண மொய்யா... "அவர் பி.காம். ஆச்சே!" என்று கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நம் மடியில் வைத்துவிடுவார்கள். காஸ்ட் அக்கவுண்ட்டிங்கில் நான் வாங்கிய மார்க் 41 என்பதை வெளியே சொல்லாமல் (இன்றைக்குத்தான் சொல்கிறேன்) நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

அப்படித்தான் அந்தத் தொண்டு நிறுவனமும் வந்து சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 14 அரசுத் தொடக்கப் பள்ளிகளோடு வேலை செய்கிறவர்கள். உடனே கண்ணாடிக் கதவு, ஏ.ஸி. என்று நினைத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, ஒரு ஃபேன், நாலே பேர். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் அவர் 'பெரிய டீச்சர்'. மற்ற மூவரும் பள்ளி பள்ளியாகப் போய்வருகிற களப்பணியாளர்கள். மூன்று பேரும் பெண்கள்.

"ஆடிட்டர்கிட்டே போறதுக்கு முன்னாடி கணக்கை ஒரு பார்வை பார்த்துக் கொடு தம்பி. சம்பளம் கிடையாது. டீ உண்டு" என்றார் பெரிய டீச்சர்.

முதல் சனிக்கிழமையே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். வவுச்சரைப் புரட்டினால் ஷேர் ஆட்டோ 30, ஷேர் ஆட்டோ 30 என்று ஒரே ஆட்டோ ஊர்வலம். மூவரில் இளையவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, 2021-லேர்ந்து டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட்டே கிடையாதே. அப்புறம் எதுக்கு ஆட்டோ?"

"பஸ் ஃப்ரீதான் சார். ஆனா அந்த ஊருக்குக் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காலைல ஆறரைக்குப் போய் இறங்கினா பள்ளிக்கூடத்துல நானும் நாயும்தான் இருப்போம்."

ஆட்டோவை விட்டுவிட்டேன். ஆனால் தோற்றுப்போனதாக இருக்கக் கூடாதே! அடுத்த வவுச்சரைப் பிடித்தேன். 'புத்தகம் 1 - ரூ.35'. பில் இல்லை. விவரம் இல்லை. ஒரே கோடு, அடித்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஒரு கம்பெனி பண உதவி செய்ய முன்வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கிற கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். முந்தைய வருஷக் கணக்கைத் திட்டச் செலவு, நிர்வாகச் செலவு என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். இதற்குத்தானே பி.காம்.! புத்தகம், சார்ட், சிலேட்டு, கழிப்பறைத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் எல்லாம் இந்தப் பக்கம். சம்பளம், பயணப்படி, டெலிபோன், வாடகை எல்லாம் அந்தப் பக்கம். கூட்டிப் பார்த்தால் நூறு ரூபாயில் 71 ரூபாய் நிர்வாகம். கணக்கு பைசா சுத்தமாக டாலி ஆனதில் எனக்கு ஒரே பெருமை.

கம்பெனிக்காரர்கள் மூர்ச்சை ஆகாத குறை. "குழந்தைகளுக்குப் போறது 29 ரூபாய்தானா?" என்று கேட்டார்கள். சம்பளத்துக்கு ஒரு பைசா கிடையாது, 14 பள்ளிக்கும் ஆளுக்கொரு ஸ்டீல் பீரோவும் 120 புத்தகமும் தருகிறோம் என்று முடித்துவிட்டார்கள். வழக்கமாகக் கொடுக்கிற நன்கொடையாளர்கள் இரண்டு பேரும் அந்த 71-ஐக் கேள்விப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"மூணு பேர் எதுக்கு டீச்சர்? ரெண்டு பேரை வெச்சு ஓட்டலாமே" என்று யோசனை சொன்ன புத்திசாலி அடியேன்தான். இளையவள் போனாள். இங்கே அவளுக்கு மாதம் 11,000. ஜவுளிக்கடையில் 13,000, மதியச் சாப்பாடு வேறு. நல்லதுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து, பிள்ளைகள் படிக்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்றது கம்பெனி. பெரிய டீச்சரோடு அந்த 'நானும் நாயும்' ஊருக்கே போனேன். வழியில் அவர் சொன்னார்: "கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்தது தம்பி. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு எழுதியிருக்கு. ஆனா கூட்டம் நடக்கிற நேரத்துல அந்த அம்மாக்கள் எல்லாம் கூலி வேலையில இருப்பாங்க. முதல் நாள் ராத்திரி வீடு வீடாப் போய்ச் சொன்னாத்தான் நாலு பேராவது வருவாங்க. அந்தப் பொண்ணு போவா."

பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். பளபளவென்று பீரோ. பூட்டியிருந்தது.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஒரு புக் தொலைஞ்சாலும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இடிக்கும் சார். ரிடயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டே வருஷம். என் பென்ஷன்லதான் கை வைப்பாங்க."

"முன்னாடி பழைய புத்தகங்களை வெளியே கொடுத்தீங்களே?"

"அது அந்தப் பொண்ணு இருந்தப்போ" என்று டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

கோடு போட்டு அழகாக எழுதியிருந்தாள். பிள்ளையின் பெயர், புத்தகம், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. கடைசிப் பத்தியில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரு குறிப்பு. அந்தப் பிள்ளை எதுவரை தானாக வாசிக்கிறது என்று உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள். 'எழுத்து' என்று ஆரம்பித்த ஒரு பையன் ஏழு மாதத்தில் 'கதை'க்கு வந்திருந்தான். முதல் பக்கத்தில், 'புத்தகம் தொலைந்தால் நான் பொறுப்பு' என்று கையெழுத்து. ஓர் இடத்தில் மட்டும், 'தொலைந்தது. புதிது வாங்கி வைத்தேன். ரூ.35'.

எனக்கு அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. நோட்டை மூடிக் கொடுத்தேன். போட்டோ எடுக்கவில்லை.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன் (41 மார்க்குக்கு அப்போதே புரட்டியிருக்க வேண்டும்). வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் என்று ஒன்று. நிர்வாகச் செலவு பாதிவரை இருக்கலாம் என்றிருந்ததை 2020-ல் 20 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அவ்வளவு கறாரான சட்டம். அதன் 2011 விதிகளே, ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளமும் பள்ளியில் ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகாது என்கின்றன. எங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருவதில்லை. ஆனால் நியாயம் ஒன்றுதானே? ஆஸ்பத்திரிக் கணக்கில் டாக்டரை வாடகை, கரெண்ட் பில்லோடு சேர்த்து எழுதினால் சிரிக்க மாட்டார்களா? நான் அதைத்தான் செய்திருந்தேன்.

மூன்று சம்பளத்தையும் பயணப்படியையும் இந்தப் பக்கம் மாற்றி எழுதினேன். நிர்வாகம் 13 ரூபாய். ஒரு பைசா கூடவில்லை, குறையவில்லை. பத்திதான் மாறியது. எதற்காக மாற்றினேன் என்று பீரோ கதையையும் ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். கம்பெனி ஒரு வருஷத்துக்கு ஒரு சம்பளம் தர ஒப்புக்கொண்டது.

ஜவுளிக்கடைக்கு நானே போனேன். சும்மா நிற்க முடியாதே என்று ஒரு புடவையும் எடுத்தேன் (வீட்டில் கலர் பிடிக்கவில்லை). விஷயத்தைச் சொன்னேன். அவள் புடவையை மடித்தபடியே, "ஒரு வருஷத்துக்கு அப்புறம் சார்?" என்று கேட்டாள்.

பி.காம்.மில் இதற்கு விடை இல்லை. அவள் வரவில்லை. ஆனால், "புதுசா வர்றவங்ககிட்டே ஒண்ணு சொல்லிடுங்க. ஹெட்மாஸ்டர்கிட்டே சாவியைக் கேட்கக் கூடாது. நோட்டைத்தான் காட்டணும்" என்றாள்.

சொன்னேன். புதிதாக வந்த பெண் நோட்டைக் காட்டினாள். பீரோ திறந்தது.

போன மாதம் ஒரு வவுச்சர் வந்தது. 'புத்தகம் 1 - ரூ.40'. பில் இல்லை. 'தொலைந்ததற்குப் பதில்' என்று நானே விவரம் எழுதி, பாஸ் செய்து, திட்டச் செலவில் சேர்த்தேன்.