வழி கேட்கக் கற்றேன்

அயல்நாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய பழைய மாணவரை, அந்நாட்டுக் கல்விமுறையைப் பற்றி எழுதும்படி கேட்பது நம் கல்லூரிச் சஞ்சிகையின் வழக்கம். நானோ, படிப்பு முடிந்தபின் ஐரோப்பாவில் தனியே புகைவண்டி ஏறிய ஒரு நாளைப் பற்றியே எழுதத் துணிகிறேன். அதனோடு, பல ஆண்டுகளாக மறைத்துவைத்த என் சிறுமை ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே உள்ளது பெரிய மார்க்கெட். முதலமைச்சராயிருந்த எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று அது வழங்கினும், ஊரார் வாயில் அது பெரிய மார்க்கெட்டே. அங்கே என் தாயார் பூக்கடை வைத்திருக்கிறார். கிழக்கு வெளுக்குமுன் பூக்கூடைகள் வந்து இறங்கும். சிறு வயதில் நானும் அருகிலிருந்து அரும்பு எண்ணி, நார் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பூவே என்னைப் படிக்க வைத்தது.

நம் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், தோழர் சிலர் விடுமுறைக்கு எங்கள் ஊர் வந்தனர். கடற்கரையைக் காட்டினேன், பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைகளைக் காட்டினேன். மார்க்கெட்டை மாத்திரம் தவிர்க்கப் பார்த்தேன். அவர்களோ தாமே உள்ளே நுழைந்துவிட்டனர். தாயாரின் கடையைக் கடந்தோம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னை அழைக்கவில்லை. பின்னர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

சில ஆண்டுகள் சென்றபின் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் இரண்டாண்டு படித்தேன். என் பிரயாணச் செலவுக்காகத் தாயார் தம் வளையல்களை அடகு வைத்திருந்தார். உபகாரச் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு அவற்றை மீட்பதென்று எண்ணியிருந்தேன். பரீட்சை முடிந்து, ஊர் திரும்ப இருபது நாள் எஞ்சின. ஐரோப்பாவில் வசிப்போர், 1972 முதல் வழங்கப்பட்டுவரும் இண்டர்ரெயில் என்னும் ஒரே சீட்டைக் கொண்டு பல நாடுகளில் புகைவண்டி ஏறலாம். எனக்கு ஆசை மேலிட்டது. ஆனால் வளையல் பணம் அதற்கே சரியாகும். இரண்டு நாள் தயங்கிவிட்டு, டெலிபோனில் தாயாரைக் கேட்டேன். மார்க்கெட்டின் இரைச்சலுக்கிடையே சற்று நேரம் பேச்சில்லை.

“போய் வா, தம்பி. வளையல் எங்கேயும் ஓடிப்போகாது. தனியாகப் போகிறாய், வழி தெரியாவிட்டால் யாரையாவது கேள். இங்கே வெட்கப்பட்ட மாதிரி அங்கேயும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதே” என்றார்.

அன்று நடந்ததை அவர் மறக்கவில்லை என்று அப்பொழுதுதான் அறிந்தேன்.

மறுவாரம் வைகறையில் புறப்பட்டுப் பாசல் நகரை அடைந்தேன். அந்நிலையத்தில் பிரெஞ்சு வண்டிகளுக்கு ஒரு தனிப் பகுதி உண்டு. அங்கிருந்து சுங்க வாயிலைக் கடந்து சுவிட்சர்லாந்துப் பகுதிக்கு நடக்கவேண்டும். மிலான் நகருக்குச் செல்லும் வண்டி எந்த மேடையில் நிற்கும் என்பது விளங்கவில்லை. கேட்பதற்கு எத்தனையோ பேர் இருந்தனர். என் ஜெர்மன் மொழி கொச்சையானது. நகைப்பார்களோ என்று அஞ்சி, எல்லாம் அறிந்தவன்போல் நின்றேன். நான் நின்றது தவறான மேடை. என் கண்ணெதிரே என் வண்டி புறப்பட்டுச் சென்றது. இடப்பதிவுக்குக் கொடுத்த பணமும் போயிற்று.

பெட்டியின்மேல் அமர்ந்தபோது வ. வே. சு. ஐயரின் நினைவு வந்தது. லண்டனில் சட்டம் பயின்ற அவர், 1910-ல் போலீசாரின் கண்ணுக்குத் தப்பி, மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து எங்கள் புதுச்சேரியை வந்தடைந்தார். இன்னாரென்று தெரிந்தால் அவருக்குச் சிறை காத்திருந்தது. எனக்கோ மறைக்கவேண்டிய காரணம் ஒன்றுமில்லை. 1985-ல் ஏற்பட்ட ஷெங்கன் ஒப்பந்தத்தின் பயனாக, நான் செல்லும் நாடுகளின் எல்லைகளில் தடையுமில்லை. அவர் தேசத்துக்காகத் தம்மை மறைத்தார். நான் வெறும் வெட்கத்தால் வாய் மூடினேன். தாயாரின் கடையைக் கடந்த அன்றும் அதே வெட்கந்தான்.

எழுந்து சென்று, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் தப்பும் தவறுமாகக் கேட்டேன். அவர் நகைக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சார்த்திவிட்டு, மேடைவரை உடன் வந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார், சொன்னேன். வீட்டில் என்ன தொழில் என்றார். “என் தாயார் சந்தையில் பூ விற்கிறார்” என்றேன். தமிழிலும் அதுவரை எவரிடமும் நான் சொல்லியிராத சொல் அது.

அன்று பிற்பகல் வண்டி கோத்தார்டு மலையடியில், 2016-ல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் புகுந்து, ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் மறுபுறம் வந்தது. இப்பக்கம் ஜெர்மன் பேச்சு; அப்பக்கம் இத்தாலியப் பேச்சு. அங்கும் வழி கேட்டேன். பின்னர் வியன்னாவிலும் பிராகாவிலும் கேட்டேன். அந்த இருபது நாளில் நான் வழி கேளாத ஊரில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் விடியுமுன் கடைக்குச் சென்று தாயாரின் அருகில் அமர்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாரை என் பக்கம் நகர்த்தினார். வளையல்களை மீட்க மேலும் பத்து மாதம் ஆயிற்று. அக்கடன் தீர்ந்தது; மற்றொன்று பாக்கி. அன்று என்னோடு வந்த தோழர்கள் இச்சஞ்சிகையைப் படிப்பவர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: பெரிய மார்க்கெட்டில் நாம் பேசாமல் கடந்துசென்ற பூக்கடை என் தாயாருடையது. மறுமுறை புதுச்சேரிக்கு வந்தால் அவசியம் அங்கே வாருங்கள். வழி தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள்.