படத்தின் முதுகில் எழுதியது

அப்பாவின் ஆல்பத்துப் படங்களை ஸ்கேன் செய்து கைபேசியில் ஏற்றினேன். அக்காவின் காதுகுத்தும் தாத்தாவின் அறுபதாம் கல்யாணமும் 2021-இல் ஒரே நாளில் நடந்ததாக வரிசைகட்டி நின்றன. கோப்பின் தலைப்பகுதியில் ஸ்கேன் செய்த தேதிதான் பதிவாகியிருந்தது. கைபேசி அதைத்தான் நம்புகிறது.

அந்தத் தலைப்பகுதிக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானில் வகுத்த முறை. தேதி, கேமராவின் பெயர், படம் நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் திருத்த எனக்குக் கைகொடுத்தது எக்ஸிஃப்டூல். கனடாவின் ஃபில் ஹார்வி 2003 முதல் இலவசமாகத் தரும் கருவி. பொத்தான்கள் இல்லை, கட்டளையை ஒரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பட மென்பொருளில் திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் படத்தின் தரம் கொஞ்சம் குறையும். எக்ஸிஃப்டூலோ படத்தைத் தொடாமல் அதன் முதுகில் எழுதியதை மட்டும் மாற்றுகிறது. பழைய கோப்பையும் பக்கத்திலேயே பத்திரப்படுத்துகிறது. இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் எந்தத் தேதியை எழுதுவது? அத்தையிடம் போனேன். காவிரிப் படித்துறையில் அம்மா நிற்கும் படத்தைக் கையில் வாங்கியதும் சொன்னார்: "தண்ணி மேல்படி வரைக்கும் வந்திருக்கு பாரு. நீ வயித்துல இருந்தப்போ வந்த பதினெட்டாம் பெருக்குடா இது."

நான் 1974 ஐப்பசியில் பிறந்தவன். பழைய பஞ்சாங்கத்தில் அந்த ஆடி 18-ஐத் தேடிப் பிடித்து, அந்த ஆகஸ்ட் நாளை எழுதினேன். கைபேசியில் அம்மா 47 ஆண்டு பின்னால் போய்த் தன் இடத்தில் நின்றார்.

எல்லாப் படத்துக்கும் இப்படி ஆறு சாட்சி சொல்லாது. சிலவற்றுக்கு ஆண்டு மட்டும் தெரிகிறது. எக்ஸிஃப் மாதமும் நாளும் கேட்கும். பலர் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். அது தவறு, நாளைக்குப் பார்க்கும் பேரன் அதை உண்மையென்றே நம்புவான். எக்ஸ்எம்பி என்ற இன்னொரு பகுதி ஆண்டை மட்டும் ஏற்கும். அதில் ஆண்டை எழுதி, விவரக் குறிப்பில் "அத்தை சொன்னது" என்று தமிழிலேயே சேர்த்தேன்.

இன்னும் 41 படங்களுக்கு ஆண்டும் தெரியவில்லை. அத்தைக்கு வயது 83. வரும் ஞாயிறு மறுபடி போகிறேன்.